பத்துப் பாகைக் குளிர்

மடுல்சீமை மலையில் காற்று இலவசம். பனி இலவசம். மூக்கொழுகலும் இலவசம். இவற்றில் எதற்கும் நாங்கள் இதுவரை யாரிடமும் அனுமதி வாங்கவில்லை என்பது, கீழே பதுளை டவுனில் அந்தச் சபை அமையும்வரை எங்களுக்கு உறைக்கவில்லை.

சபையின் முழுப்பெயர் வாகன உட்குளிர் ஒழுங்காற்று மற்றும் தர உறுதிப்பாட்டுச் சபை. பெயர்ப்பலகை எழுதியவர் நடுவில் ஒருமுறை தேநீர் குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதினாராம். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் அதைக் கூலிங் சபை என்று சுருக்கிக்கொண்டோம். ஏசி பூட்டிய எந்த வாகனத்திலும் அந்த ஏசி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது அதன் கடமை. ஏசி இல்லாத வாகனத்தைப் பற்றிச் சபைக்குக் கவலையில்லை. அதில் ஏறியவர்கள் வெந்து போகலாம், விறைத்தும் போகலாம். ஏசி இருந்தால் மட்டும், வெளியே உள்ளதைவிட உள்ளே பத்துப் பாகை குறைவாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாகனம் பாதையில் ஓடக் கூடாது.

இந்தப் பத்தைக் கண்டுபிடித்தவர்கள் கொழும்பில் மத்தியான வெயிலில் பஸ்ஸில் போய் நொந்தவர்கள். நியாயமான மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் எழுதிய சுற்றுநிருபம் ரயிலேறிப் பதுளைக்கு வந்தபோது, கூடவே கொழும்பு வெயில் வரவில்லை.

எங்கள் மேல் டிவிஷனில் இருந்த ஒரே வேன் நல்லையாவினுடையது. ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்த பழைய வெள்ளை வேன். மழையில் பாதை உடைந்ததிலிருந்து அந்த இடத்துக்கு மேலே ஆம்புலன்ஸ் வருவதில்லை. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்பும். எனவே பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணக் கூட்டம், காய்ச்சல்காரர், பாம்பு கடித்தவர் எல்லாரும் நல்லையாவின் வேனில்தான் இறங்கினார்கள். நல்லையா யார் என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்று சொல்லுகிற ஆள். வேனில் ஏசி இருந்தது உண்மை. அதன் பட்டனில் அவர் மாரியம்மன் கோயில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வேறு எதற்கும் அது பயன்பட்டதில்லை.

இப்போது அவர் மனைவி சுபாஜினிக்கு நிறைமாதம். பிரஷர் கூடியிருக்கிறது, வலி கண்டதும் நேரே பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுவர வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றுநிருபம் வந்தது.

நல்லையா பஸ் ஏறிப் பதுளைக்குப் போய்ச் சபையின் பரிசோதனை உத்தியோகத்தர் தர்மலிங்கத்தின் முன்னால் நின்றார். தர்மலிங்கம் கெட்டவர் இல்லை. சுற்றுநிருபத்தை முழுதும் வாசித்திருந்தார், அவ்வளவுதான்.

"ஐயா, அந்த ஏசியக் கழட்டிப் போட்டுட்டா சரியா வருங்களா?"

"கழட்டினா அது குளிரை மறைத்தல். அதுக்கு வேற பிரிவு இருக்கு."

"நாங்க அதப் பாவிக்கிறதே இல்லீங்க."

"அப்ப அது குளிரை வீணாக்குதல்."

"ஆமாங்க," என்றார் நல்லையா.

சபை மடுல்சீமைக்கே வந்து நடமாடும் சேவை நடத்தப் போகிறது, அன்று வேனைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்துவிடுவோம், அதுவரை வேன் அசையக் கூடாது என்று தர்மலிங்கம் சொன்னார். நல்லையா வரும் வழியில் வாகன ஏசி திருத்துகிற ஜெஸீமைக் கண்டு கையோடு கூட்டிவந்தார். வேன் இறங்க முடியாது என்பதால் ஜெஸீம்தான் கேஸ் சிலிண்டரையும் பம்பையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி வந்தார்.

ஜெஸீம் டேஷ்போர்டைக் கழற்றினார். உள்ளே காற்று ஊதுகிற பெட்டியிலிருந்து ஒரு சுளகு நிறையத் தேயிலைத் தூசியும், ஒரு எலிக் கூடும் வந்தன. கூடு முழுக்கக் கம்பளி நூல். பக்கத்து லயத்து வரிசைவீட்டு ரெங்கம்மா அதைப் பார்த்துவிட்டு, போன வருஷம் தன் கம்பளியைத் திருடியது யார் என்று இப்போதுதான் தெரிகிறது என்றாள். குழாய் மூட்டுகளில் ஜெஸீம் சவர்க்கார நுரையைப் பூசினார். எல்லா மூட்டிலும் குமிழி வந்தது.

"வாஷர் எல்லாம் காஞ்சி வெடிச்சி ஈக்கி," என்றார் ஜெஸீம். "குளிரோ வெயிலோ, வாரத்துல ஒருக்கா ஏசியப் போட்டு ஓட விடணும் நல்லையா. அப்பத்தான் எண்ண எல்லா எடத்துக்கும் போகும். சும்மா வெச்சாத்தான் இது பழுதாகும்."

"ஆமாங்க ஜெஸீம் நானா."

வாஷர்களை மாற்றி, பெல்ட் மாற்றி, குழாயில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, கேஸ் அடித்து ஜெஸீம் பட்டனை அமுக்கியபோது, உள்ளேயிருந்து சில்லென்று காற்று வந்தது. செய்தி கேட்டு லயத்தில் எல்லாரும் வந்து வரிசையாகக் கையை நீட்டிப் பார்த்தோம். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ரெங்கம்மா கையை உள்ளே ஒருமுறையும் வெளியே ஒருமுறையும் நீட்டினாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு," என்றாள்.

ஜெஸீமுக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. சுற்றுநிருபத்தை வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தார். பிறகு வெளியே இருந்த குளிரை யோசித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். வெளியே பதினாலு பாகை. உள்ளே நாலு பாகை வர வேண்டும். ஆனால் அஞ்சுக்கு வந்ததும் எந்த வண்டியிலும் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் கூலிங் கொயிலில் ஐஸ் பிடித்துக் காற்றே வராது. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

"அப்ப நம்ம வேனு பாஸாகாதுங்களா?" என்றார் நல்லையா.

"வெயில் வந்தாப் பாஸாகும்," என்றார் ஜெஸீம். எங்கள் ஊரில் வெயில் சித்திரையில் வரும். சுபாஜினிக்கு நாள் குறித்திருந்தது மார்கழியில்.

நடமாடும் சேவை நாளில் தோட்டத்து மைதானத்தில் கூடாரம் போட்டார்கள். சபையின் பணிப்பாளர் ராமாமிர்தம் வெள்ளை ஜீப்பில் வந்து இறங்கினார். ஜீப்பின் ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இறங்கிய பிறகும் அது ஓடியது. சபையின் முன்மாதிரி வாகனமாம், நிறுத்தக் கூடாதாம். கும்பம் வைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கூடாரத்துக்குள் அழைத்துப் போனோம். குத்துவிளக்கு காற்றுக்கு ஏற்றிய வேகத்தில் அணைந்தது. பிரமுகர்கள் ஒவ்வொருவரும் அணைந்த விளக்கையே மறுபடி ஏற்றினார்கள். கடைசியில் எரியாத விளக்கு எரிந்ததாக ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, பணிப்பாளர் பேச எழுந்தார்.

"அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே," என்று அவர் தொடங்கினார். "குளிர் மக்களின் உரிமை. அந்த உரிமையை உங்கள் காலடிக்கே கொண்டுவந்திருக்கிறோம். மடுல்சீமையில் ஏற்கனவே குளிர் இருக்கிறதே என்று சில விஷமிகள் கேட்கிறார்கள். இருக்கிறது. நான் மறுக்கவில்லை. பேசும்போதே என் பல் அடித்துக்கொள்கிறது. ஆனால் அது யாருடைய குளிர்? அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யார்? நாளைக்கு அது கூடினாலோ குறைந்தாலோ நீங்கள் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? எங்கள் குளிருக்கு ஒரு விலாசம் உண்டு. அலுவலக நாட்களில் அதை வந்து பார்க்கலாம். எங்கள் சபை தொடங்கியதிலிருந்து இந்த மாகாணத்தில் பழுதான ஏசியோடு ஒரு வாகனம்கூடப் பாதையில் ஓடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அவை எல்லாம் எங்கள் முற்றத்தில்தான் நிற்கின்றன. முற்றம் போதவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு முற்றம் கேட்டிருக்கிறோம்."

நாங்கள் கைதட்டினோம். கை தட்டினால் கொஞ்சம் சூடு ஏறியது. அதனால் விடாமல் தட்டினோம். பணிப்பாளர் கண் கலங்கிவிட்டார்.

பரிசோதனைக்கு வந்திருந்த வாகனம் ஒன்றே ஒன்றுதான். பணிப்பாளர் அதன் முகத்தில் ஒரு பெரிய செவ்வந்தி மாலையைச் சார்த்தினார். மாலை கிரில்லை முழுதாக மூடிவிட்டது. ஜெஸீம் ஓடிவந்து, அந்த இடத்தால்தான் காற்று உள்ளே போக வேண்டும், மாலை கிடந்தால் ஏசி இளைக்கும் என்றார். மாலை போட்டது பணிப்பாளர், எடுப்பதென்றாலும் பணிப்பாளர்தான் எடுக்க வேண்டும், அது நிறைவு விழாவில் வருகிறது என்று பதில் கிடைத்தது.

நல்லையா சாரதி ஆசனத்தில் ஏறினார். பக்கத்தில் தர்மலிங்கம் ஏறினார். அவர் கோட்டும் மப்ளரும் குரங்குத் தொப்பியும் போட்டிருந்தார். கையில் ஒரு வெப்பமானி, இன்னொன்று வெளியே கண்ணாடியில் தொங்கியது. கண்ணாடிகளை ஏற்றிய பிறகு பணிப்பாளர் தம் கையாலேயே மூன்று கதவுகளுக்கும் சிவப்பு நூல் கட்டி, காகிதம் ஒட்டி, முத்திரை குத்தினார். பிறகு விதியை ஒலிபெருக்கியில் வாசித்தார். பத்துப் பாகை வந்து, பணிப்பாளர் வந்து முத்திரையைத் திறக்கும்வரை கதவு திறக்கப்படக் கூடாது. ஏசி நிற்கக் கூடாது. வாகனக்காரர் முத்திரையை அறுத்தால் வாகனம் சபைக்குச் சொந்தம்.

"விளங்குதா நல்லையா?" என்றார் தர்மலிங்கம்.

"ஆமாங்க."

ஜெஸீம் பணிப்பாளரின் பின்னாலேயே நடந்து, இந்த ஊர்க் குளிரில் பத்து வரவே வராது, வெளியே சூடு வேண்டும் என்று கெஞ்சினார். பணிப்பாளர் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்.

"வெளியைச் சூடாக்குவதில் சபைக்கு ஆட்சேபனை இல்லை," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எனவே வெளியைச் சூடாக்கினோம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து காய்ந்த மிலாறுக் குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வேனைச் சுற்றி நெருப்பு மூட்டினோம். புகையில் வேன் மறைந்தது. உள்ளே இருந்து இருமல் சத்தம் வந்தது. வெளி வெப்பமானி மளமளவென்று ஏறியது. உள் வெப்பமானியும் அதோடு சேர்ந்து ஏறியது. தூறல் விழுந்து நெருப்பு அணைந்ததும் இரண்டும் சேர்ந்து இறங்கின. மறுபடி உள்ளே அஞ்சு, வெளியே பதினாலு. கம்ப்ரஸர் டக்கென்று நிற்கும், உள்ளே ஆறாகும், மறுபடி டக்கென்று ஓடும். தர்மலிங்கத்தின் மூக்கு நுனி சிவந்திருந்தது. நல்லையா விரல்களைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ரெங்கம்மா மேல் லயத்திலிருந்து ஓடிவந்தாள். ரெங்கம்மாவின் குரலுக்குக் கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுப்பவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரல் அது.

"தம்பி, சுபாவுக்கு வலி கண்டிருச்சி. வேன எடு."

நல்லையாவின் கை கதவுக்குப் போனது. தர்மலிங்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொறந்தா வேன் போச்சு," என்றார் தர்மலிங்கம். "வேன் போனா அவங்கள எதில கொண்டுபோவீங்க?"

ஜெஸீம்தான் பங்களாவுக்கு ஓடினார். ஜீப்பையாவது கேட்டு வருவார் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் சுபாஜினியைக் கம்பளியில் உட்காரவைத்து நாலு மூலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்த நேரம், ஜெஸீமும் மூச்சிரைக்க வந்து கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினார்.

"ஜீப்பு தர ஏலாதாம். நாலு பேருக்குத்தான் சான்றிதழாம், அஞ்சாவது ஆள் ஏறினா உள்ளுக்குச் சூடு கூடுமாம். ஆனா பணிப்பாளர் சாப்பிட்டுக்கிட்டே நல்லா யோசிச்சிச் சொல்றாரு. முத்திரை வெச்சது ஆள் ஏறுற கதவுக்கு. பின்கதவு சாமான் கதவு. அதப் பத்தி ஒண்டும் எழுதல்லயாம். சாமான் ஏத்தலாமாம். பரிசோதகர் உள்ளுக்கு இருந்தா ஓட்டப் பரிசோதனைன்னு சொல்லி வண்டிய ஓட்டலாமாம்."

"சாமானா?" என்றாள் ரெங்கம்மா.

தர்மலிங்கம் சுற்றுநிருபத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஏத்தலாம். பயணியா ஏத்த ஏலாது. சாமானா ஏத்தலாம்."

சுபாஜினி கம்பளியிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்னய எதுவா வேணும்னாலும் ஏத்துங்க. சீக்கிரம் ஏத்துங்க," என்றாள்.

தோட்டத்தில் எங்களைச் சாமானாக எண்ணுவது புதிய பழக்கமில்லை. சுற்றுநிருபத்தின்படி எண்ணியது இதுவே முதல் தடவை. பின்கதவைத் தூக்கி அவளைக் கம்பளியோடு உள்ளே தள்ளினோம். ரெங்கம்மா யாரையும் கேட்காமல் ஏறினாள். அவளை இறங்கச் சொல்லும் துணிச்சல் சபைக்கு இல்லாததால், தர்மலிங்கம் அவளைச் சாமானைச் சுற்றி வரும் சாக்கு என்று கணக்கில் விட்டுவிட்டார். "சாமான் ஒன்று" என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதை எல்லாரும் கேட்டோம். வேன் புறப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்தது ரெங்கம்மாவும் நல்லையாவும் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வேனுக்குள் அஞ்சு பாகை. சுபாஜினியின் பல் கட்டிக்கொண்டது. ரெங்கம்மா தன் கம்பளியையும் கழற்றி அவள்மேல் போட்டாள். முதல் வளைவிலேயே நல்லையா ஏசி பட்டனைப் பார்த்தார்.

"ஐயா, கொஞ்ச நேரம் அணைச்சிக்கிறேங்க. பொம்பள வெறைச்சிப் போறா."

"அணைச்சா பரிசோதனை ரத்து," என்றார் தர்மலிங்கம். "ரத்தானா இது சான்றிதழ் இல்லாத வண்டி. ஓட ஏலாது. இதே வளைவில நிப்பாட்டணும். குளிர் ஓடினாத்தான் நீங்களும் ஓடலாம்."

நல்லையா "ஆமாங்க" என்று சொல்லவில்லை. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மலை, பின்னால் பெண்டாட்டி முனகுகிறாள், பக்கத்தில் ஒருவர் வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறார். நாலு பக்கமும் அடைத்த ஒரு பெட்டிக்குள் தானே தன் குடும்பத்தைப் போட்டு ஓட்டிக்கொண்டு போவதாக அவருக்குத் தோன்றியது. அழுதால் கண்ணாடியில் ஆவி படியும், பாதை தெரியாது என்று அழாமல் இருந்தாராம்.

கொஞ்ச தூரம் போனதும் தர்மலிங்கம் வெப்பமானியைப் பார்த்தபடியே தன் கோட்டைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். "கோட்டப் பத்தி ஒண்டும் எழுதல்ல," என்றார். மப்ளரையும் கொடுத்தார். தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டார்.

வேன் இறங்க இறங்க வெளியே சூடு ஏறியது. வேகத்தில் செவ்வந்தி மாலை அறுந்து எங்கோ விழுந்தது. தர்மலிங்கத்தின் முகம் தெளிந்தது. அவர் வெளி வெப்பமானியைக் கிரிக்கெட் வர்ணனை போல வாசிக்கத் தொடங்கினார்.

"பதினேழு."

"அம்மா," என்றாள் சுபாஜினி.

"பத்தொன்பது. ஆக்கள்ட மூச்சுல உள்ளுக்கும் ஏறி இப்ப பத்து. வித்தியாசம் ஒன்பது."

"மூச்ச விடாத, புடிச்சி முக்கு," என்றாள் ரெங்கம்மா.

"அய்யோ, மேகம் மறைக்குது. பதினெட்டு."

"தல தெரியுது."

"எங்க?" என்று திரும்பிய தர்மலிங்கம், சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார்.

பதுளை டவுனுக்குள் நுழையும் இடத்தில் மேகம் விலகி வெயில் பளீரென்று அடித்தது. "வித்தியாசம் பத்து," என்று தர்மலிங்கம் இரண்டு கையையும் தூக்கினார். அதே நேரம் பின்னால் குழந்தை அழுதது. முதலில் ஒரு குரல், பிறகு ஒன்றுமில்லை. ரெங்கம்மா அதைச் சட்டைக்குள் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, மேலே சபையின் கோட்டைப் போட்டு மூடினாள். குழந்தை நீலம் பாரித்திருந்தது என்பதை அப்போது அவள் நல்லையாவிடம் சொல்லவில்லை. சுபாஜினி கண்ணை மூடிக் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியின் அவசர வாசலில் நல்லையா வேனை நிறுத்தினார். ஆட்கள் வந்து பின்கதவைத் தூக்கித் தாயைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். ரெங்கம்மா நெஞ்சில் சுமையோடு இறங்கினாள். தர்மலிங்கம் திரும்பிப் பார்த்து எண்ணினார். முகம் வாடியது.

"ஏத்தினது ஒண்டு. இறக்கினது ரெண்டு. மத்தது எங்க ஏறினது? பாதையில நிப்பாட்டி ஏத்தினீங்களா?"

"அது ஏறினது ஒம்போது மாசத்துக்கு முந்திங்க," என்றாள் ரெங்கம்மா. "அப்ப உங்க சுற்றுநிருபம் வரல்ல."

அவள் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஓடினாள். நல்லையாவும் ஆசனத்தைத் தாண்டிப் பின்பக்கமாக இறங்கப் பார்த்தார். தர்மலிங்கம் சட்டையைப் பிடித்தார்.

"நீங்க சாரதி. சாமான் இல்ல. சாமான் கதவால இறங்க ஏலாது."

"என் பொண்டாட்டிங்க ஐயா. புள்ள சத்தமே கேக்கலீங்க."

"எனக்கும் புள்ளைங்க இருக்கு," என்றார் தர்மலிங்கம். அவர் அதை உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். "பத்து வந்திருச்சி நல்லையா. பாஸ். பணிப்பாளர் வந்து முத்திரையத் தொறந்தா சான்றிதழ் கையில. நிறைவு விழா முடிஞ்சி பொழுதுபட வந்திருவார். அதுவரைக்கும் பத்தைப் பிடிச்சிக்கிட்டு இருந்தாப் போதும். குளிர் போகுது, அந்தப் பின்கதவை யாராவது சாத்தச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் போகிற போக்கில் பின்கதவைச் சாத்தினார்.

நல்லையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். கண்ணாடிக்கு வெளியே பதுளை வெயிலில் ஆட்கள் விசிறிக்கொண்டு போனார்கள். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. ரெங்கம்மாவைக் காணோம். கிளினிக்கில் பிரஷரைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வேன் இருந்தால்தான் சோறு. வேன் இருந்தால்தான் மேல் டிவிஷனில் அடுத்த காய்ச்சல்காரர் பிழைப்பார். இதையும் அவர் நினைத்தார். நினைத்துவிட்டு வாசலையே பார்த்தார்.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் விறுவிறுவென்று வந்தார். முகத்தில் மாஸ்க். நேரே வேனிடம் வந்து, நல்லையாவின் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னார். ஏசி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே தெரிந்த நெற்றி சுருங்கியிருந்தது. கையை வேகமாக ஆட்டினார். மறுபடி ஏதோ சொன்னார்.

"என்னங்க சொல்றாங்க?" என்றார் நல்லையா.

"எனக்கும் கேக்கல்ல," என்றார் தர்மலிங்கம். "யோசிங்க நல்லையா. இவ்வளவு நேரம் பொறுத்துட்டீங்க. தொறந்தா வேன் உங்களுக்கு இல்ல. சத்தியமா இல்ல. எனக்கும் ஒண்டும் செய்ய ஏலாது."

நர்ஸ் மூன்றாம் முறை தட்டினார்.

நல்லையா கதவைத் திறந்தார். சிவப்பு நூல் அறுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. காலையிலிருந்து அத்தனை பேரையும் கட்டிப்போட்டது பட்டம் விடுகிற நூலைவிட மெல்லிய நூல்தான். வெக்கை முகத்தில் அடித்தது. கால் விறைத்திருந்ததால் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், அவளுக்கு என்னங்க? புள்ளைக்கு என்னங்க?"

"தாயும் புள்ளயும் நல்லாத்தான் இருக்காங்க. பொம்பளப் புள்ள. சூட்டுப் பெட்டியில வெச்சிருக்கோம், கத்துற கத்துல வார்டே நிக்குது," என்றார் நர்ஸ். "நான் அதுக்கு வரல்ல. இந்த வேன எடுங்க. எத்தன தடவ சொல்றது? பின்னால ஆம்புலன்ஸ் நிக்குது."

நல்லையா அறுந்த நூலைப் பார்த்தார். பின்னால் திரும்பி, நிஜமாகவே ஆம்புலன்ஸ் நிற்பதையும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியாதாம்.

"எனக்கு எடுக்க ஏலாதுங்க மிஸ்," என்றார். "இது கூலிங் சபையோட வேனு. இப்பத்தான் அவங்களுக்குச் சொந்தமாச்சு. உள்ள ஐயா இருக்காரு, அவர்கிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டு வார்டைப் பார்த்து நடந்தார். நர்ஸ் அந்தப் பக்கம் சுற்றிப் போய் மற்றக் கண்ணாடியைத் தட்டத் தொடங்கினார். தர்மலிங்கம் குரங்குத் தொப்பியோடு உள்ளேயே இருந்தார். அவர் பக்கத்துக் கதவின் முத்திரை இன்னும் அறுபடவில்லை.